பாதியில் நிறுத்திய புயல்

“புள்ளைங்க கெட்டுப்போச்சுங்க, அம்மா” என்றான் வைரக்கண்ணு.

சாமியம்மா அடுப்புக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்தப் புள்ளைங்க?”

“ஊர்ப் புள்ளைங்க பூராவும். என் மகளும் சேர்த்துத்தான்.”

“திருடுதுங்களா?”

“இல்ல.”

“பொய் சொல்லுதுங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா. புயல் விளையாட்டு விளையாடுதுங்க.”

மண் பூசும் கை நின்றது.

“அப்படியா! எப்படி ஆடுறதாம் அதை?”

ஆசையாகக் கேட்டாள். அதுதான் வைரக்கண்ணுவுக்குப் பிடிக்கவில்லை.

*

சாமியம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், “எதுக்கு? பத்திரிகை அடிக்கவா?” என்பாள். வைரக்கண்ணுவைவிட வயதில் சின்னவள். ஆனாலும் எல்லாருக்கும் அம்மா.

கடலோரம், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் அவள் மடம். மடம் என்றால் நாலு சுவர். கூரையும் இருந்தது. போன கார்த்திகைப் புயலில் அது போய்விட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், “இப்பத்தான் வெளிச்சம் நல்லா வருது” என்றாள்.

வைரக்கண்ணு தென்னை விவசாயி. அந்த ராத்திரி தோப்பு முழுக்கச் சாய்ந்தது. மாட்டை அவிழ்த்துவிட வெளியே போனாள் அவன் மனைவி அஞ்சலை. அவள் மேல் மரம் விழுந்தது.

மாடு பிழைத்துக்கொண்டது.

மீதி அவனும் மகள் கோதையும்தான்.

அன்றிலிருந்து அவன் மடத்துக்கு வருகிறான். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வான். அவள் ஆமாம் என்றதில்லை. இல்லை என்றதும் இல்லை.

ஒரு நாள் வந்து, “காத்துச் சத்தம் கேட்டா நெஞ்சு அடைக்குது. ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றான்.

“ம்” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“ஒரு வார்த்தைதானே கேட்டே?”

இன்னொரு நாள், அழுகையை அடக்க வழி கேட்டான். ஒரு முறம் நிறைய சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்தாள். உரித்தான். அழுதான். குழம்பு வைத்தாள். சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது. வழி மட்டும் சொல்லவில்லை.

*

“எப்படி ஆடுறதுன்னு கேட்டேன்” என்றாள் சாமியம்மா மறுபடி.

“ஒருத்தி புயலாம். மத்தவங்க மரம், வீடு, மாடு. புயல் வந்து ஊதும். எல்லாம் விழும். சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது எல்லாருக்கும்.”

“சிரிக்காம எப்படி விழுறது?”

“அம்மா!” அவன் குரல் உடைந்தது. “அதுல ஒருத்தி அஞ்சலையா வர்றா. என் அஞ்சலையா. மாட்டை அவுக்கப் போறா. புயல் ஊதுது. விழுறா.”

சாமியம்மா கையிலிருந்த மண்ணைக் கீழே வைத்தாள்.

“யாரு புயல் தெரியுமா? கோதை. பெத்த தாயை ஊதித் தள்ளுறா என் மக. தள்ளிட்டுச் சிரிக்கிறா.”

“ம்.”

“நாலஞ்சு தடவ போய் நிறுத்திட்டேன். திட்டிட்டேன். திரும்பிப் பார்த்தா திரும்ப ஆடுதுங்க.”

“சரி. அப்புறம் என்ன ஆகும்?”

“எதுக்கு அப்புறம்?”

“அவ விழுந்ததுக்கு அப்புறம். ஆட்டத்துல.”

வைரக்கண்ணு விழித்தான்.

“தெரியாது. அவ விழுந்ததுமே நான் கோதை கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுவேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஆமா.”

“முடிவு பாக்காமலா புகார் சொல்ல வந்தே?”

அவன் வேறு விஷயத்துக்குப் போனான். ஆம்பிளைகள் அப்படித்தான்.

“இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிட்டுப் போறேன். திருப்பூர்ல என் தங்கச்சி இருக்கா. அங்கேயே படிக்கட்டும். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“நீ?”

“விட்டுட்டு வந்துடுவேன். தோப்பு கிடக்குதே.”

“ஏன் திருப்பூர்?”

“இங்க காத்து அடிக்கும்.”

“அங்க?”

“அங்க அவ்வளவு அடிக்காது.”

“பாவம், அந்த ஊருக்காரங்க எப்படி மூச்சு விடுறாங்களோ” என்றாள். “கோதை என்ன சொல்றா?”

“எங்கிட்ட பேச்சை நிறுத்திட்டா.”

“பேசாத புள்ளையைத் திருப்பூர்ல விட்டா, போன்ல பேசுவாளா?”

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை. பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பயம். அனுப்பவும் பயம். இதை அவன் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

சாமியம்மா கையைக் கழுவினாள்.

“நட.”

“எங்க?”

“முடிவு பாக்க.”

*

ஊருக்குக் கிழக்கே புயல் பாதுகாப்புக் கட்டடம். அதன் பின்னால் மணல் திடல். பக்கத்திலேயே பஸ் நிறுத்தம்.

கோதையின் துணிப்பை கட்டடத்துத் திண்டின் மேல் தயாராக இருந்தது. கோதை திடலில் இருந்தாள். கடைசி ஆட்டம் என்று எல்லாரிடமும் சொல்லியிருப்பாள் போல. கூட்டம் அதிகம்.

இருவரும் ஓரமாக நின்றார்கள்.

சூசை ஓடி வந்தான். பத்து வயது. ஆட்டத்துக்கு அவன்தான் தலைவன். தாசில்தார் வேஷமும் அவனுக்கே. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஈர்க்குச்சி.

“நின்னு பாக்கக் கூடாது” என்றான். “நின்னு பாக்க வந்தவங்களைப் புயல் அடிச்சப்பவே நிறையப் பார்த்தாச்சு. சேர்ந்தா சேருங்க. இல்லேன்னா கிளம்புங்க.”

“சேர்றோம்” என்றாள் சாமியம்மா. “எனக்கு என்ன வேஷம்?”

சூசை அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஹெலிகாப்டர்.”

“என்ன செய்யணும்?”

“சுத்திச் சுத்தி வரணும். கை காட்டணும். இறங்கக் கூடாது.”

“ஒண்ணும் கொடுக்க வேண்டாமா?”

“ஹெலிகாப்டர் எதைக் கொடுத்துச்சு?”

நியாயம்தான் என்று தலையாட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“மாமா, நீங்க தென்னை மரம். ஒத்தக் கால்ல நில்லுங்க.”

“நான் ஆட வரல” என்றான் வைரக்கண்ணு.

“சும்மா நில்லுய்யா” என்றாள் சாமியம்மா. “மரத்துக்கு ஆடத் தெரியணும்னு யார் சொன்னா?”

நின்றான். ஒற்றைக் காலில். கறுத்த முகத்தோடு.

கோதை தூரத்தில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சூசை விதியைச் சொன்னான். “கையால தள்ளக் கூடாது. ஊதத்தான் செய்யணும். எப்ப விழுறதுன்னு மரம்தான் முடிவு பண்ணணும். ஆனா எல்லா மரமும் விழணும். அப்பத்தான் நான் வருவேன்.”

“முன்னாடியே வந்தா என்ன?” என்றாள் ஹெலிகாப்டர்.

“தாசில்தார் முன்னாடி வரமாட்டாரு.”

*

புயல் கிளம்பியது.

“ஊஊஊ” என்று கோதை ஓடி வந்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஊதினாள்.

நாலு பேர் கைகோத்து வீடாக நின்றார்கள். வீடு பிரிந்து நாலு பக்கமும் உருண்டது. முருங்கை மரம் ஊதும் முன்பே விழுந்தது. முருங்கை அப்படித்தான் விழும் என்று பாராட்டினார்கள்.

மெகருன்னிசா மாடு. முன்பல் இரண்டும் இல்லாத மாடு. “ம்மா” என்று கத்தியது.

சூசையின் தங்கை அமலி புறப்பட்டாள். தலையில் துண்டு. இடுப்பில் கை. அஞ்சலையின் நடை.

“வர்றேண்டி, வர்றேன். உனக்கென்ன இப்ப அவசரம்?” என்று மாட்டைத் திட்டினாள்.

குரலும் அஞ்சலையின் குரல்தான். அஞ்சலை மாட்டை அப்படித்தான் திட்டுவாள்.

வைரக்கண்ணுவின் தூக்கிய கால் ஒரு கணம் தரையைத் தொட்டது.

அமலி மாட்டை அவிழ்த்தாள். மாடு ஓடியது. கோதை வந்து ஊதினாள். அமலி சுற்றிச் சுற்றி, வைரக்கண்ணுவின் காலடியில் வந்து விழுந்தாள்.

எப்போதும் இந்த இடத்தில்தான் அவன் குறுக்கே புகுவான். கோதைக்கும் அது தெரியும். அவள் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சாமியம்மா சுற்றி வந்தாள். “இறங்கக் கூடாது” என்றாள், அவன் காதுக்கு மட்டும்.

வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். நகரவில்லை.

விழவும் இல்லை.

கோதை அவன் முன்னால் வந்து ஊதினாள். நின்றான். மறுபடி ஊதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

திடலில் எல்லாரும் விழுந்து கிடந்தார்கள். ஒரே ஒரு தென்னை நின்றது.

“மாமா, விழுங்க” என்றது முருங்கை.

நின்றான்.

“சீக்கிரம் விழுங்க மாமா. எறும்பு கடிக்குது” என்றது வீட்டின் ஒரு சுவர்.

“ம்மா” என்றது மாடு.

“எனக்கும் மூச்சு வாங்குது” என்றது ஹெலிகாப்டர். “டீசல் தீரப்போகுது. விழுந்து தொலையேன்யா.”

அவன் கண்ணைத் திறந்தான். கோதை கிட்டத்தில் நின்றாள். ஊதி ஊதி அவள் முகம் சிவந்திருந்தது.

“விழுப்பா” என்றாள்.

அவள் பேசி நாளாகியிருந்தது.

விழுந்தான்.

*

மணல் சூடாக இருந்தது. முகத்தை அதில் புதைத்துக்கொண்டான்.

தாசில்தார் வந்தார். கையில் பூவரச இலைகள். அதுதான் பிஸ்கட்.

“ரேஷன் கார்டு இருக்கா?”

“வீடே இல்ல சார், கார்டு எங்க இருக்கும்?” என்றது வீடு.

“கார்டு இல்லேன்னா பிஸ்கட் இல்ல. இந்தா, பரவால்ல, பிடி. யாருகிட்டயும் சொல்லாத. அடுத்து?”

“ம்மா.”

“மாட்டுக்கு பிஸ்கட் கிடையாது. மேலேயிருந்து ஆர்டர் வரணும்.”

மாடு அழுதது. தாசில்தார் மேலே பார்த்தார். ஹெலிகாப்டர் கை காட்டியது.

“ஆர்டர் வந்துருச்சு” என்று மாட்டுக்கும் கொடுத்தார்.

வைரக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் சரசரப்பு. தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அமலி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பாவாடையைத் தட்டினாள். “எனக்கு ரெண்டு பிஸ்கட். நான் மாட்டைக் காப்பாத்தினேன்” என்று சண்டை பிடித்தாள். வாங்கியும் விட்டாள்.

“நீ எந்திரிக்கலாமா?” என்று கேட்டான் வைரக்கண்ணு. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“எந்திரிக்காம?”

“நீ… விழுந்துட்டியே.”

“எல்லாரும்தான் விழுந்தாங்க. பிஸ்கட் வாங்கினதும் எல்லாரும் எந்திரிக்கணும். இல்லேன்னா அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பத்தாது மாமா.”

இதுகூடத் தெரியாத ஆளா என்பது போல் பார்த்தாள்.

கோதை அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் முகத்து மணலைத் துடைத்தாள்.

“கோதை. அம்மா…”

“தெரியும்ப்பா. அம்மா வராது. இது விளையாட்டு.”

அவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

“நீதான் எப்பவும் பாதியில இழுத்துட்டுப் போயிடுறே” என்றாள். அவள் உதடு பிதுங்கியது. “எல்லாரும் பிஸ்கட் வாங்கியிருக்காங்க. நான் ஒரு தடவகூட வாங்கினதில்ல.”

வைரக்கண்ணு எழுந்து உட்கார்ந்தான்.

“தாசில்தார் சார்” என்றான்.

“சொல்லுய்யா.”

“எனக்கும் என் மகளுக்கும் பிஸ்கட்.”

“கார்டு?”

“இல்ல.”

“மரத்துக்கு எதுக்குய்யா பிஸ்கட்?”

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க. காலையிலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்கிறேன்.”

திடல் முழுக்கச் சிரித்தது. கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வைரக்கண்ணுவுக்கும் சிரிப்பு வந்தது. முதலில் இருமல் போலத்தான் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. கண்ணீரும் கூடவே வந்தது. அவன் எதையும் துடைக்கவில்லை.

இரண்டு இலை கொடுத்தார் தாசில்தார். ஆளுக்கு ஒன்று. கோதை தன் இலையைக் கடித்தே விட்டாள். கசப்பு. துப்பினாள். மறுபடி சிரித்தாள்.

*

“அடுத்த ஆட்டம்!” என்று கத்தினான் சூசை. “கடைசியா விழுந்தவங்கதான் அடுத்த புயல். மாமா, நீங்கதான்.”

வைரக்கண்ணுவின் சிரிப்பு நின்றது.

“நானா?”

“விதி அது.”

“எனக்கு அந்த மாதிரி சத்தம் போடத் தெரியாது.”

சாமியம்மா ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியாதா?” என்றாள். “ராத்திரி பூரா கேட்டியே. இன்னும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே. அதையே போடு.”

பிள்ளைகள் இடம் பிடித்தார்கள். வீடு கைகோத்தது. முருங்கை ஒற்றைக் காலில் நின்றது. கோதை இந்தத் தடவை தென்னை. திடலுக்கு நடுவில் நின்றாள்.

வைரக்கண்ணு திடலின் கோடிக்குப் போனான். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். கையை விரித்தான்.

முதலில் ஒன்றும் வரவில்லை.

“காத்தழுத்தத் தாழ்வு நிலை” என்றான் சூசை.

அப்புறம் வந்தது.

அடிவயிற்றிலிருந்து வந்தது. தகரம் கிழிகிற சத்தம். மட்டைகள் ஒன்றோடொன்று அறைகிற சத்தம். ஓடு பறக்கிற சத்தம். மாதக்கணக்கில் அவன் படுக்கையில் ஒண்டிக்கிடந்த சத்தமெல்லாம் வாய் வழியாக வெளியே வந்தது. கட்டடத்து மேலிருந்த காக்கைகள் பறந்தன. மாடு நிஜமாகவே மிரண்டு, “ஆத்தாடி!” என்றது.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இப்படி ஒரு புயலை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தார்கள்தான். ஆனாலும் இப்படிப் பார்த்ததில்லை.

ஓடினான். ஊதினான். வேட்டி அவிழப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஊதினான். வீடு நாலு துண்டானது. முருங்கை உருண்டு திடலைத் தாண்டியது. அமலி மாட்டைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் அவள் முன்னால் நின்றான். மெதுவாக ஊதினான். அவள் சுற்றிச் சுற்றி விழுந்து, ஒரு கண்ணைத் திறந்து, “நல்லா ஊதினீங்க மாமா” என்றாள்.

அப்போது பஸ் வந்தது.

*

கண்டக்டர் படியில் தொங்கியபடி விசில் அடித்தார். பஸ் நின்றது.

“வைரக்கண்ணு! பொண்ணோட வர்றேன்னியே. ஏறு, ஏறு.”

யாரும் அசையவில்லை. விழுந்து கிடந்த பிள்ளைகள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். திண்டின் மேல் பை இருந்தது. நடுத்திடலில் கோதை ஒற்றைக் காலில் நின்றாள்.

“என்னய்யா நடக்குது இங்க?” என்றார் கண்டக்டர்.

“புயல் அடிக்குது” என்றான் சூசை. “பஸ் ஓடாது.”

கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. வைரக்கண்ணுவைப் பார்த்தார். வேர்வை. தலை முழுக்க மணல். ஒரு கையில் வேட்டி.

“ஏறுறியா, இல்லையா?”

வைரக்கண்ணு சாமியம்மாவைப் பார்த்தான். ஏதாவது சொல்வாள் என்று. அவள் எழுந்து சுற்ற ஆரம்பித்திருந்தாள். கையை மட்டும் காட்டினாள்.

அவன் பஸ் பக்கம் திரும்பினான். கன்னத்தை உப்பினான்.

பஸ்ஸைப் பார்த்து ஊதினான்.

கண்டக்டர் ஒரு நிமிஷம் வெறித்தார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக் கூரையும் போன கூரைதான். தோல்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

“யப்பா! பலமான காத்துடா!” என்று கத்தினார்.

இரண்டு விசில் கொடுத்தார்.

பஸ் போனது. உள்ளே இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வைரக்கண்ணு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தூசி அடங்கவில்லை.

“அப்பா!”

திரும்பினான்.

கோதையின் கால் ஆடியது. கைகளை விரித்துச் சமாளித்தாள்.

“நான் இன்னும் விழவே இல்லப்பா. என்னை ஊது.”

அவன் மகளைப் பார்த்தான். ஒரு கணம் மூச்சு அடைத்தது.

பிறகு அந்த மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, ஊதினான்.